போணியைத் திருப்பி அனுப்பிய கனகவல்லி அக்கா

கனகவல்லி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது என் இரண்டு கையிலும் பிரேக் ஆயில். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவருடைய பைக்கின் முன் டிஸ்க் பிரேக்குக்குப் புது ஹோஸ் மாட்டி, உள்ளே இருந்த காற்றை எடுத்துக்கொண்டிருந்தேன். போனை அவரையே எடுத்து என் காதில் வைக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் அக்காவின் வீட்டுக்காரர் மகாலிங்கம் மாமா. "மாப்ள, காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோவுல ஏத்துனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னாடியே உசிரு போயிருச்சுடா." 

ஒட்டன்சத்திரத்துக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "ஏனுங்க, நீங்க கிளம்புங்க. வண்டி கெடக்கட்டும், நான் நாளைக்கு வந்து எடுத்துக்கறனுங்க" என்றார். நல்ல மனுஷர். ஆனால் நான் கிளம்பவில்லை. பாதிக் காற்றோடு பிரேக்கை விட்டுவிட்டுப் போய், விவரம் தெரியாத எவனாவது வண்டியை ரோட்டுக்கு எடுத்துவிட்டால் என்ன ஆவது? லீவர் கல் மாதிரி நிற்கும் வரைக்கும் காற்றை எடுத்து, போல்ட்டை இறுக்கி, துணியால் துடைத்து, கசிகிறதா என்று பார்த்து, அவரை ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லி அனுப்பிய பிறகுதான் கையைக் கழுவினேன். பக்கத்துக் கடைக்காரன் சாவு வீட்டுக்கு இவ்வளவு தாமதமாகவா வருவான் என்று அன்று உங்களில் நாலு பேர் பேசியது என் காதுக்கும் வந்தது. பேசுங்கள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தால் அக்கா பாடையிலிருந்தே எழுந்து என்னைத் திட்டியிருப்பார்.

நம் மெக்கானிக் சங்கம் போடுகிற நினைவு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு வாய்தான் நீளம். பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை அறியாத புதியவர்களுக்குச் சொல்கிறேன். நாகல் நகரில் என் பட்டறைக்கு அடுத்தது அவர் கடை. இருசக்கர வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை. மாமா பஸ் ஓட்டப் போய்விடுவார். கல்லாவிலும் அக்காதான், ஏணி ஏறிப் பரணில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதும் அக்காதான். என்னைவிட வயதில் சின்னவர். தெருவே அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கும் அப்படியே வந்துவிட்டது. "இந்த அண்ணன் என்னைய அக்காங்குறாரு, இந்தக் கூத்தக் கேளுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்த வாய் மூடுவதற்குள் யாரையாவது திட்டவும் ஆரம்பித்திருப்பார்.

நம் ஊரில் போணிக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைக்குப் பூராவும் வியாபாரம் படுத்துவிடும் என்பது நம் பயம். அதனால் கேட்டது இல்லாவிட்டாலும் அதற்குக் கிட்டத்தில் இருப்பதை எடுத்து நீட்டிவிடுவோம். சீட் கவர், கண்ணாடி என்றால் பாதகமில்லை. நாம் பிரேக் ஹோஸிலும் அதையேதான் செய்கிறோம். 'உங்க மாடலுக்கு இல்லண்ணே, அந்த மாடலோடது இருக்கு, கொஞ்சம் இழுத்து மாட்டிக்கலாம்.' இப்படிப் போணியான ஹோஸ்கள் எத்தனை இந்த ரோட்டில் ஓடுகின்றனவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அக்கா சாம்பிராணி போட்ட கையோடு முதல் ஆளைத் திருப்பி அனுப்புவார். ஒரு நாள் பார்த்துவிட்டு எனக்கே பொறுக்கவில்லை. "என்னக்கா, விடிஞ்சதும் வியாபாரத்தத் தொரத்துறீங்க?" என்று கேட்டேன். "போணி உச்சிக்கு ஆகட்டும், சாயங்காலம் ஆகட்டும் அண்ணே. நம்ம கடை ஹோஸால எவன் வீட்டு வாசல்லயும் சங்கு ஊதக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு, திருப்பி அனுப்பிய ஆளை மறுபடியும் கூப்பிட்டு, எந்தக் கடையில் கிடைக்கும் என்று வழியும் சொல்லி அனுப்பினார்.

குஜிலியம்பாறையிலிருந்து ஒருவர் வந்தார். ஆளும் உயரம், வண்டிக்கு மாட்டியிருந்த ஹேண்டில்பாரும் உயரம். ஸ்டைலுக்காக மாற்றியிருந்தார். பிரேக் ஹோஸ் அடிக்கடி கசிகிறது, கம்பெனி சாமானே மட்டம் என்று குறைபட்டார். அக்கா கல்லாவை விட்டு இறங்கி வந்து, "ஹேண்டில ஒடிங்க" என்றார். அவர் ஒரு பக்கம் திருப்பினார். ஹோஸ் துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்துக்கொண்டது. "நேரா நிறுத்தி வச்சுப் பாத்தா எல்லாம் பத்தும். அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் ஒடிச்சுப் பாக்கணும். பள்ளத்துல எறங்கும்போது முன்பக்கம் அமுங்கி எந்திரிக்கும்ல, அதையும் சேத்துப் பாக்கணும்." அப்படியானால் நீளமாக ஒன்று கொடுங்கள் என்றார் அவர். "நீளமாப் போட்டா டயர்ல ஒரசும். ஒரசுனா ஒரு நா அறுகும். ஹோஸக் கொற சொல்லாம அந்தக் கொம்பக் கழட்டி வீட்ல வையிங்க, பழச மாட்டுங்க." முனகிக்கொண்டே பழைய ஹேண்டில்பாரை என் பட்டறையில்தான் மாட்டினார். அதற்கு அப்புறம்தான் அக்கா புது ஹோஸை அவர் கையில் கொடுத்தார்.

இன்னொரு தடவை, பளபளவென்று எஃகு வலை போட்ட ஹோஸ்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து இறக்கினார் ஒரு விற்பனைக்காரர். பார்க்க அத்தனை அழகு. அக்கா ஒன்றை எடுத்து, கேட்காமல் கொள்ளாமல் ரம்பத்தால் அறுத்துவிட்டார். வெளியேதான் வலை. உள்ளே ஏதோ பிளாஸ்டிக் குழாய். "எஃகு ஹோஸ் நல்லதுதான் அப்பு, நான் இல்லங்கல. யாரு செஞ்சது, எப்ப செஞ்சது, எந்த ஆயிலுக்குச் செஞ்சதுன்னு அதுமேல அச்சடிச்சிருக்கணும்ல? பேரு போடக் கூட வெக்கப்படுறவன் செஞ்சத நான் எதுக்கு விக்கணும்?" அந்த மனிதர் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். அங்கே விற்றும் விட்டார். அந்தக் கோபம் அக்காவுக்கு ஒரு வாரம் தணியவில்லை.

இனி டிராக்டர் ஹோஸ் கதைக்கு வருகிறேன். நம் பக்கம் டிராக்டரும் மண் அள்ளும் இயந்திரமும் ஓடாத ஊர் இல்லை. அவற்றின் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் தங்கராசு கடைக்குப் போவார்கள். அளவுக்கு வெட்டி, இரண்டு முனையையும் மெஷினில் அழுத்தி, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்துவிடுவார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. டிராக்டர்காரர்கள் தெரியாமல் அக்கா கடைக்கு வந்தால் அக்காவே தங்கராசுவிடம்தான் அனுப்புவார். வம்பு எங்கே வந்தது என்றால், பைக் பிரேக்குக்கும் அதே ஹோஸை அழுத்தித் தரச் சொல்லி ஆட்கள் அங்கே போக ஆரம்பித்தார்கள்.

நான் தங்கராசு கட்சி பேசினேன். "மண்ணோட டிரெய்லரையே தூக்குற ஹோஸ், ஒரு பைக்க நிறுத்தாதாக்கா?" என்றேன். அக்கா அந்த ஹோஸில் ஒரு துண்டும் கம்பெனி பிரேக் ஹோஸில் ஒரு துண்டும் வெட்டி, ஒரே ஊறுகாய் பாட்டிலில் போட்டு, பிரேக் ஆயிலை ஊற்றி மூடிக் கல்லா மேல் வைத்தார். "அது தாங்குற பாரத்தச் சொல்றீங்க. உள்ள ஓடுற ஆயிலச் சொல்லுங்க அண்ணே. அது மெஷின் ஆயிலுக்குச் செஞ்ச ரப்பரு, பிரேக் ஆயிலுக்கு ஆகாது. செத்த பொறுங்க" என்றார். சில வாரம் கழித்து வெளியே எடுத்தபோது கம்பெனித் துண்டு போட்டது போட்டபடி இருந்தது. மற்றதன் உள் ரப்பர் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பி, நகம் பட்டதும் பிய்ந்து வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

அந்த வருஷம் வைகாசியில்தான் முருகேசன் வந்தான். தாடிக்கொம்பைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். சொந்தத் தோட்டத்து மல்லிகையை மூட்டை கட்டி, பைக்கின் பின்னால் ஏற்றி, மூட்டை மேல் அவன் சம்சாரம் சித்ராவையும் உட்கார வைத்துக்கொண்டு காலையில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு ஓட்டி வருவான். கரூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவன் வருகிற வேகத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். அன்று பூவை இறக்கிவிட்டு இருவரும் நேரே என் பட்டறைக்கு வந்தார்கள். முன் பிரேக் ஹோஸில் வெடிப்பு, முனையில் ஈரம். நான் கழற்றிவிட்டேன். அக்கா கடையில் அந்த மாடலுக்கு ஹோஸ் இல்லை. மதுரையிலிருந்து பஸ் பார்சலில் வரவேண்டும், மறுநாள் மதியம் ஆகிவிடும்.

"நாளைக்கு மதியமா? நாளைக்கு முகூர்த்தம்க்கா. அதுவரைக்கும் எம் பூவு மொட்டாவே இருக்குமா?" என்றான். நியாயமான கேள்விதான். தங்கராசு கடையில் அழுத்தி வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் முனை போல்ட்டும் வாஷரும் மட்டும் கொடுங்கள் என்று கேட்டான். அக்கா மாட்டேன் என்றார். "என் ஸ்கூட்டர எடுத்துட்டுப் போ" என்று சாவியை நீட்டினார். "அந்த வண்டில மூட்ட ஏத்துனா மார்க்கெட்டே சிரிக்கும்" என்றான். அன்று அக்காவுக்கு அவன்தான் முதல் ஆள். "போணி பண்ண வந்தவன இப்படி அனுப்புறீங்கள்ல, இந்தக் கடை வெளங்கவே வெளங்காதுக்கா" என்று வாசலில் நின்று சொன்னான். பழைய ஹோஸைப் பிடுங்கிக்கொண்டு, பின் பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை எடுத்துப் போய்விட்டான். சித்ரா எங்களைத் திரும்பிப் பார்த்தபடியே போனது.

சாயங்காலம் தங்கராசு கடை ஆள் டீக்கடையில் வைத்து என்னிடம் சொன்னான், முருகேசனுக்கு ஹோஸ் அழுத்திக் கொடுத்தாச்சு என்று. நான் அக்காவிடம் சொன்னேன். சரியாக விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் நம்மில் எவனாவது கடையைச் சாத்துவோமா? அக்கா ஷட்டரை இழுத்து விட்டார். ஒரு மஞ்சப்பையில் ஸ்பானர், இன்னொரு கையில் அந்த ஊறுகாய் பாட்டில். "அண்ணே, வண்டிய எடுங்க."

"நாளைக்கு ஒரு நாள்தானக்கா, நின்னுரும்" என்றேன். "நாளைக்கு நிக்கும். நாளான்னைக்கும் நல்லா நிக்கும். அதான் அண்ணே பயமே. நல்லா நிக்குதேன்னு கழட்டவே மாட்டான். என்னைக்கு உள்ள பிய்யுதோ, அன்னைக்கு லாரிக்கு முன்னாடி பிடிப்பான்" என்றார். நான் வண்டியை எடுத்தேன்.

போனபோது முருகேசன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். புது ஹோஸ் கறுப்பாக, தடியாக மாட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. அக்கா அவனிடம் பேசவே இல்லை. நேரே சித்ராவிடம் போய், பாட்டிலைத் திறந்து, அந்த உப்பிய துண்டை உள்ளங்கையில் வைத்தார். "அமுக்கிப் பாரு தாயி. இதான் இப்ப உங்க வண்டில இருக்கு. இன்னும் ஊறல, அம்புட்டுத்தான்." சித்ரா அமுக்கியது. ரப்பர் கையோடு வந்தது. விரலில் ஒட்டியதைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "நான் இந்த வண்டில ஏற மாட்டேன்" என்றது. முருகேசன் பக்கம் திரும்பி, "நீயும் ஏறக் கூடாது" என்றது.

"என் வீட்டுக்கே வந்து எம் பொண்டாட்டிய ஏத்தி விடுறீங்களா?" என்று கத்தினான் முருகேசன். அக்கம்பக்கம் கூடிவிட்டது.  அக்கா அதற்குள் தரையில் உட்கார்ந்து போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். "ஏலே, கத்து, நல்லாக் கத்து. ஒன் வாயி கத்துற வரைக்கும் எனக்குக் கவலையில்ல. வண்டி ஓடலேன்னா வீட்ல கெடக்கும். நிக்கலேன்னா ரெண்டு பேரும் எங்கடா கெடப்பீங்க? பூவு ஒரு நா வாடிட்டா அடுத்த நாப் பூக்கும். கூறு கெட்டவனே, இவள எங்க போய்ப் பறிப்ப?" திட்டத் திட்டக் கை நிற்கவில்லை. ஹோஸைக் கழற்றி மஞ்சப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தவர், "இந்தா, அண்ணன் வண்டி இங்க நிக்கட்டும். காலையில இதுல பூவக் கொண்டா" என்றார்.

அண்ணன் வண்டி என்றால் என் வண்டி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருவரும் நடந்து வந்து டவுன் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டு வந்தேன், அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

மறுநாள் முகூர்த்தப் பூ என் வண்டியில் மார்க்கெட் போனது. மதியம் பார்சல் வந்ததும் நானே பஸ்ஸில் கிராமத்துக்குப் போய்ப் புது ஹோஸை மாட்டிக் காற்று எடுத்துக் கொடுத்துவிட்டு, என் வண்டியில் திரும்பினேன். முருகேசன் எனக்கு மோர் கொடுத்தான். அக்காவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அதோடு அக்கா கடைப்படி ஏறுவதையும் நிறுத்திவிட்டான். என் பட்டறைக்கு வந்தாலும் சாமான்களை வேறு கடையில் வாங்கி வருவான். அக்கா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வருஷக்கணக்கில் இப்படியே போனது.

எனக்குத்தான் அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். அக்கா, "பேசாட்டி என்னண்ணே? உசிரோட ஓடுறான்ல" என்பார். ஒரே ஒரு நாள் மட்டும் அவன் கடையைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டு, "கஷ்டமாத்தான் இருக்கு. எந்தம்பி வயசு" என்றார். யோசித்துப் பார்த்தால் அக்கா சொன்னதற்குச் சாட்சி என்று ஒன்றுமே கிடையாது. அந்த ஹோஸ் வெடிக்கவில்லை, யாரும் விழவில்லை. நம் தொழிலில் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு எவன் வந்து நன்றி சொல்வான்? அது தெரிந்தும் அந்த மனுஷி கடைசி நாள் வரைக்கும் கறாராகவே இருந்தார்.

சாவு வீட்டில் கூட்டத்துக்குள் நான் முருகேசனைத் தேடினேன். சித்ரா வந்திருந்தது, மாரில் அடித்துக்கொண்டு அழுதது. அவன் வரவில்லை. இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா என்று மனசுக்குள் அவனை வண்டை வண்டையாக வைதேன்.

காரியம் முடிந்து நான் பட்டறை திறந்த அன்று, முதல் ஆளாக வந்து நின்றான். பக்கத்தில் அக்கா கடை ஷட்டர் போட்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல், கையிலிருந்த பையை நீட்டினான். "ஹோஸு பழசாயிருச்சுண்ணே, மாத்திரலாம்." பிரித்துப் பார்த்தேன். அவன் மாடலுக்கானதுதான். கம்பெனிப் பேர் இருந்தது, செய்த மாதம் இருந்தது, எந்த ஆயிலுக்கு என்று அச்சு இருந்தது, முனைகள் ஆலையிலேயே அழுத்தியவை. தானாகவே ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடித்துக் காட்டினான். எல்லாம் சரி. முனையில் போடும் செம்பு வாஷர் மட்டும் பையில் இல்லை. "வாஷர் எங்கடா?" என்றேன். "பழசயே போட்டுக்கலாம்ண்ணே. நல்லாத்தான் இருக்கு" என்றான்.

நண்பர்களே, அக்காவின் நினைவாக எதை வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று மாமா என்னிடம் கேட்டிருந்தார். அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் பதில் தெரிந்தது. நான் வைத்துக்கொண்டது அவருடைய திட்டை. "ஏலே கூறு கெட்டவனே" என்று ஆரம்பித்தேன். "ஒரு தடவ நசுங்குன செம்பு மறுபடி எங்கடா அடைக்கும்? அம்புட்டும் சரியா வாங்கிட்டு இந்தத் துளியூண்டு வாஷர்ல வந்து கஞ்சத்தனம் பண்றியே, ஒன்ன நம்பி ஒருத்தி மூட்ட மேல உக்காந்து வாராளேடா. போ, போயிப் புது வாஷர் வாங்கிட்டு வா. அது வர்ற வரைக்கும் ஒன் வண்டில நான் கை வைக்க மாட்டேன்." தெரு நின்று பார்த்தது. அவன் அசையவில்லை, தலையைக் குனிந்தபடி நின்றான். "நீங்க திட்டுங்கண்ணே" என்றான் மெதுவாக. "அக்கா வாயால இன்னொரு வாட்டி திட்டு வாங்கிக்கிறணும்னு இருந்தேன்." சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டான். ஆனாலும் நான் திட்டுவதை நிறுத்தவில்லை.